இன்னும் ரெண்டு வரி கீது

எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதை எனக்கே எடுத்துக் காட்டியவள் உம்மு சல்மா. அதுவும் நான் அவளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த சமயத்தில். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. அதனால் இதை ஒப்புக்கொள்ளவே எனக்குச் சில வருஷங்கள் ஆயின.

1975 ஆரம்பத்தில் கல்பாக்கம் குடியிருப்புக்கு நாங்கள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் கணவர் லட்சுமணன் அங்கே அணு நிலையத்தில் டெக்னீஷியன். காலையில் ஸ்டாஃப் பஸ் அவரை அள்ளிக்கொண்டு போனால், நானும் நாலு வயது அம்சாவும் கடல் காற்றும்தான் வீட்டில். பி.யு.சி.யில் இங்கிலீஷில் அறுபத்திரண்டு மார்க் வாங்கியவள் சும்மா இருக்கலாமா? பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளைச் சேர்த்து டியூஷன் ஆரம்பித்தேன். ஞானம்பாள் டீச்சர் என்று பெயரும் வந்துவிட்டது.

ஒரு நாள் மத்தியானம் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பிள்ளையைச் சேர்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, "எத்தனாம் கிளாஸ்?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் டீச்சர். எஸ்.எஸ்.எல்.சி."

வயது இருபத்தெட்டு. என்னைவிட ஒரு வயது மூத்தவள். புதுப்பட்டினத்தில் வீடு, இரண்டு பெண் குழந்தைகள். கணவர் அமீர் பஸ் நிற்கும் இடத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். இவள் டாக்டர் சாரதாம்பாளின் கிளினிக்கில் உதவிக்கு இருந்தாள். ஊசியைக் கொதிக்க வைப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள், பிரசவத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் வேலையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வந்தால் நர்ஸ் டிரெயினிங்குக்குத் தானே சிபாரிசு செய்வதாக.

மற்ற பாடமெல்லாம் முன்பே தேறிவிட்டாள். இங்கிலீஷ் மட்டும் மூன்று தடவை போய்விட்டது. டிரெயினிங்குக்கு வயது வரம்பு உண்டு. அந்தச் செப்டம்பர் பரீட்சையை விட்டால் பிறகு தேறியும் பிரயோஜனமில்லை. அமீர் மூன்று தடவையும் வாயைத் திறக்காதவர், இந்த முறை, "இதோட விட்டுடு சல்மா, உடம்பு கெடுது" என்று சொல்லியிருந்தார்.

"எங்கே, படி பார்க்கலாம்" என்று ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன்.

படித்தாள். நான் அசந்து போனேன். ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை, ஏற்ற இறக்கத்தோடு ஒரு பக்கத்தை முடித்தாள். லீவில் வீட்டிலிருந்த லட்சுமணன், ரேடியோவில் செய்தி வாசிக்கிறார்கள் என்று எழுந்து வந்து பார்த்தார்.

"இவ்வளவு நல்லாப் படிக்கிறியே, எப்படி ஃபெயில் ஆனே? சரி, இப்ப படிச்சதுல என்ன சொல்லியிருக்கு?"

சல்மா என்னைப் பார்த்தாள். "அர்த்தமா டீச்சர்?"

"பின்னே?"

"அது தெரியாது. ஒரு எழுத்து வுடாமப் படிச்சேனே."

அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஐந்து வயதிலிருந்து குர்ஆன் ஓதிப் பழகியவள். அரபியில் ஒரு வார்த்தைக்கும் அவளுக்குத் தனியாக அர்த்தம் தெரியாது. ஆனால் ஓதினால் தெருவே கேட்கும். இங்கிலீஷும் வேறு தேசத்துப் பாஷைதானே, அதையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். கட்டுரை, கடிதம், பாட்டு எல்லாம் மனப்பாடம். அதில் இருபத்தைந்து மார்க் வரைக்கும் வந்துவிடும். முன்பின் பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் காம்ப்ரிஹென்ஷனில்தான் முட்டை.

"அதுக்கு என்ன எழுதுவே?"

"அந்தப் பாராவையே முழுசா அழகா எழுதி வச்சிடுவேன். பதில் அதுக்குள்ளதான கீது. திருத்தறவருக்குத் தெரியாதா?"

நான் சிரித்துவிட்டேன். சும்மா சிரிப்பில்லை, கண்ணில் தண்ணீர் வரும் சிரிப்பு. அவள் புத்தகத்தை மூடிவைத்தாள், துப்பட்டியைச் சரி செய்துகொண்டாள், "வர்றேன் டீச்சர்" என்று போய்விட்டாள். ஒரு வாரம் வரவில்லை.

லட்சுமணன் அந்த ஒரு வாரமும் என்னை வறுத்தெடுத்தார். "மூணு தடவை விழுந்துட்டு எழுந்து வந்தவளைப் பார்த்துச் சிரிச்சியாக்கும்" என்றார். எட்டாம் நாள் நானே புதுப்பட்டினம் போனேன். வாசலில் சல்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கை கழுவிவிட்டு வந்து பாய் விரித்தாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. "செப்டம்பருக்கு ஆறு மாசம்தான் இருக்கு" என்றேன்.

அவள் பாயில் எதிரே உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள்: "நான் யோசிச்சேன் டீச்சர். நான் ஓதறது அல்லாவுக்கு. அவனுக்குப் புரியும், அது போதும். இந்த இங்கிலீஷ் பாராவை யாருக்குப் படிக்கிறேன்? திருத்தறவருக்கு அது முன்னமே தெரியும். அப்போ எனக்குத்தான புரியணும்? இத்தினி வருசம் இது எனக்குத் தோணவே இல்ல."

எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்திய எனக்கும் அது தோன்றியதில்லை. ஆனால் அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை. என் வித்தையைக் கற்றுக் கொடுக்கும் அவசரத்தில் இருந்தேன்.

என் வித்தை இதுதான். கேள்வியை முதலில் படி. அதில் ஒரு முக்கியமான வார்த்தை இருக்கும். அந்த வார்த்தை பாராவில் எங்கே இருக்கிறது என்று தேடு. கண்டுபிடித்ததும் அந்த வரியை அப்படியே எடுத்து எழுது, அடுத்த கேள்விக்குப் போ. மீதிப் பாராவைப் படித்து நேரத்தை வீணாக்காதே. இப்படித்தான் நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தேறினேன், பி.யு.சி.யில் அறுபத்திரண்டும் வாங்கினேன்.

சல்மா சொன்னபடி செய்தாள். தினம் பத்து வார்த்தைக்கு அர்த்தமும் எழுதிப் படித்தாள். மார்க் கொஞ்சம் ஏறியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் விடை எழுதிய பிறகும் பாராவை விடமாட்டாள். உதட்டை அசைத்து அசைத்துக் கடைசி வரைக்கும் படித்து முடித்துவிட்டுத்தான் பேனாவை மூடுவாள்.

"அதான் பதில் கிடைச்சாச்சே, அப்புறம் என்ன?"

"பாதியில நிறுத்தினா மனசுக்கு ஒரு மாதிரி கீது டீச்சர். எங்களுக்கு அப்படிப் பழக்கமில்ல."

நேரம் போதாமல் நாலு கேள்வி விட்டுப் போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மண்டையில் ஏறாத ஜன்மம் என்று அவள் போன பிறகு புலம்புவேன்.

ஏப்ரலில் அம்சாவுக்கு இருமல். சென்னையிலிருந்து வந்த என் கொழுந்தன் ஒரு சிரப் பாட்டில் வாங்கி வந்திருந்தான். உள்ளே நாலாக மடித்த தாள், பொடி எழுத்தில் இங்கிலீஷ். பாடத்துக்கு வந்த சல்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தாளைப் பிரித்தேன், எத்தனை ஸ்பூன் என்று தேடினேன், கண்டுபிடித்தேன். இரண்டு ஸ்பூன், தினம் மூன்று வேளை. தாளை சல்மா மடியில் போட்டுவிட்டு முதல் ஸ்பூனை ஊற்றினேன். அம்சா வாயைத் திறந்தாள்.

சல்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நல்ல அழுத்தமான பிடி.

"இருங்க. இன்னும் ரெண்டு வரி கீது."

"என்ன வரி?" என்றேன் எரிச்சலாக.

அவள் விரல் வைத்துப் படித்தாள். சத்தமாக, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக நின்று. படித்துவிட்டுத் தமிழில் சொன்னாள்: "ஆறு வயசுக்குக் கீழே அரை ஸ்பூனாம். அதுவும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் குடுக்கணுமாம். ரெண்டு ஸ்பூன் பெரியவங்களுக்கு. சரிதானா டீச்சர்? நான் தப்பாப் படிச்சிட்டேனா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். தப்பில்லை. அப்படித்தான் போட்டிருந்தது. ஸ்பூன் என்ற சொல்லைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன், அவள் நிற்கவில்லை. கையிலிருந்த மருந்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றி மூடினேன். சாயங்காலம் டாக்டர் சாரதாம்பாளிடம் போனோம். "ரெண்டு ஸ்பூன் குடுத்திருந்தா குழந்தையை எழுப்பவே நாம கஷ்டப்பட்டிருப்போம்" என்றார் அவர். அன்று இரவு அம்சா மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சல்மாவை நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்து போனது.

மறுநாள் அவள் வந்ததும், "இனிமே என்னை டீச்சர்னு கூப்பிடாதே. நீ எப்படிப் படிக்கிறேன்னு எனக்குச் சொல்லு" என்றேன்.

அவளுக்குக் கூச்சம். பிறகு சொன்னாள். ஓதும்போது வரிக்கு மேலே சின்னச் சின்ன எழுத்துகள் இருக்குமாம். இங்கே நிற்க வேண்டும், இங்கே நிற்கலாம், இங்கே நிற்கவே கூடாது என்று. தப்பான இடத்தில் நின்றால் சொன்னது வேறாகப் போய்விடும் என்று சின்ன வயதிலேயே அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இங்கிலீஷில் அந்த மாதிரி குறி இல்லாததால் எங்கே நிற்பது என்று தெரியாமல் மூச்சு முட்டும் வரை ஓடிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அப்போ நாமளே குறி போட்டுக்குவோம்" என்றேன்.

அன்றிலிருந்து பாடம் மாறியது. ஒரு வயது மூத்தவளாக இருந்தும் டீச்சரை விட்டு என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள். இரண்டு பேர் கையிலும் ஒரு பென்சில். ஒரு பாராவை முதலில் கடைசி வரை படிப்போம், எந்தக் கேள்வியையும் பார்க்காமல். இரண்டாம் தடவை ஒரு விஷயம் முடிகிற இடத்தில் மேலே ஒரு கோடு. கோட்டுக்குக் கோடு நின்று, இப்போது என்ன நடந்தது என்று ஒருத்திக்கொருத்தி தமிழில் சொல்ல வேண்டும். தெரியாத வார்த்தை வந்தால் முன்னும் பின்னும் பார்த்து ஊகிக்க வேண்டும், அகராதி கடைசியில்தான். சொல்ல முடியவில்லை என்றால் கோடு தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அழித்துவிட்டு வேறு இடத்தில் போடுவோம். அதற்குப் பிறகுதான் கேள்வி. முதல் வாரத்தில் என் கோடுகள்தான் அதிகம் தப்பாக விழுந்தன.

கையில் கிடைத்ததையெல்லாம் படித்தோம். பால்பவுடர் டின், சைக்கிள் டியூப் பெட்டி, லட்சுமணன் கொண்டுவரும் சுற்றறிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமுமாக மாமல்லபுரம் போனோம். பாறைச் சிற்பங்களுக்கு முன்னால் ஒரு பெரிய இங்கிலீஷ் பலகை. சல்மா அதன் எதிரே நின்று அடக்கமான குரலில் வாசிக்கத் தொடங்கினாள். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று நின்று கேட்டது. பாதியில் அமீர், "போதும் வா, பசங்க பசிக்கிதுன்னு கத்திகினு கீதுங்க" என்றார். இவள் நகரவில்லை. கடைசி வரியை முடித்துவிட்டுத் திரும்பி, "அண்ணே, எந்திரிங்க. சிலைங்க மேல உக்காரக் கூடாதாம்" என்றாள். லட்சுமணன் ஒரு கல் விலங்கின் முதுகில் சாவகாசமாக உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். எழுந்த வேகத்தில் கடலைப் பொட்டலம் மண்ணில் கொட்டியது. ஆறு மாதத்துக்கு அதைச் சொல்லிச் சொல்லியே அவர் வாயை அடைத்தேன்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. சல்மாவுக்கு மனதுக்குள் படிக்க வராது. வாய் அசைந்து, காதில் ஒரு முனகலாவது விழுந்தால்தான் புத்தியில் ஏறும். பரீட்சை ஹாலில் யார் விடுவார்கள்? முன்பு மூன்று தடவையும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு எழுதியதாகச் சொன்னாள். நாங்கள் என்னென்னவோ செய்து பார்த்தோம். கடைசியில், "விதி விட்ட வழி" என்று விட்டுவிட்டோம்.

செப்டம்பர் பரீட்சை ரம்ஜான் மாதத்தில் வந்து விழுந்தது. செங்கல்பட்டு சென்டர். காலை பஸ்ஸில் நானும் கூடப் போனேன். நோன்பு பிடித்திருந்தாள். டாக்டரம்மா சொல்லியும் விடவில்லை. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது மலை உச்சியைப் பார்த்து நான் என் பங்குக்கு ஒரு கும்பிடு போட்டுவைத்தேன். அவள் துப்பட்டிக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூட வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து என் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்தேன். மணி அடித்தது. பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். காம்ப்ரிஹென்ஷன் ரொம்ப ஈஸி என்று சிரித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் சல்மா வந்தாள், உதடு காய்ந்து வெள்ளையாக.

பஸ் ஏறியதும் நடந்ததைச் சொன்னாள். துப்பட்டியை வாய்க்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே உதட்டை அசைத்துப் படித்திருக்கிறாள். சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா முணுமுணுக்கிற?"

"படிக்கிறேன் சார்."

அவர் கேள்வித்தாளைப் பார்த்தார். விடைத்தாளைப் பார்த்தார். இவள் முகத்தையும் வறண்ட கண்ணையும் பார்த்தார். "நோன்பா?" என்று கேட்டார். தலையாட்டினாள். "அக்கம்பக்கம் கேக்காம படிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த வரிசைப் பக்கமே அவர் வரவில்லையாம். அந்த மனிதர் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

"சரி, பாரா என்ன?"

"ஒரு படகுக்காரன். கடலுக்குப் போறான். பாதியில படகைத் திருப்பிடறான். ஏன் திருப்பினான்னு கேள்வி. அதுக்கு மட்டும் பத்து மார்க்கு."

"என்ன எழுதினே?"

"ஆட்டுக்குட்டிக்காகன்னு எழுதினேன்."

முன் சீட்டில் இருந்த பெண்கள் அதே கேள்விக்குப் புயல் என்று பேசிக்கொண்டு வந்ததை நான் கேட்டிருந்தேன். கேள்வித்தாளைப் பிடுங்கினேன். படகு, கறுத்த மேகம், காற்று, அலை உயர்ந்தது, திருப்பினான். பளிச்சென்று எழுதியிருக்கிறது. ஆறு மாத உழைப்பு கடலில் போய்விட்டதே என்று ஆத்திரமாக வந்தது.

"புயல்னு இவ்வளவு தெளிவாப் போட்டிருக்கே சல்மா. ஆடு எங்கே வந்தது? உனக்கு நான்..."

அவள் சண்டை போடவில்லை. களைத்துப்போன விரலால் தாளின் அடியைத் தொட்டாள். "அக்கா, இன்னும் ரெண்டு வரி கீது."

படித்தேன். எத்தனையோ புயலில் போய்ப் பழகியவன் அவன், காற்றுக்குப் பயந்தவனில்லை. வலைக்கு அடியில் ஏறிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஆட்டுக்குட்டியை அப்போதுதான் பார்த்தான், அதைக் கரையில் விட்டுவிட்டு மறுபடி புறப்பட்டான். அந்த வரிக்கு மேலே சல்மாவின் பென்சில் கோடு அழுத்தமாக விழுந்திருந்தது.

பஸ்ஸிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கண்டக்டர் யாராவது செத்துவிட்டார்களா என்று விசாரித்தார்.

நவம்பரில் பேப்பரில் நம்பர் வந்தது. அமீர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கிரீஸ் கையோடு பேப்பரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தார். மார்க் பிற்பாடு தெரிந்தது, நாற்பத்தாறு. டாக்டரம்மா சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வருஷம் சல்மா டிரெயினிங் போனாள். குழந்தைகளை மாமியார் பார்த்துக்கொண்டார். நான் என் டியூஷன் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு பென்சில் கொடுத்து, பழைய வித்தையை மறக்கச் சொன்னேன். அதில் பாதிப் பேருக்கு என் மேல் இன்னும் கோபம், வேலை அதிகமாகிவிட்டதே என்று.

1979-இல் என் இரண்டாவது பிரசவம் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில். வலி கண்டு என்னைக் கொண்டுபோனபோது வார்டில் வெள்ளை உடுப்போடு வந்து நின்றவள் சல்மா. துப்பட்டி இருந்த இடத்தில் தொப்பி. எனக்கு உயிர் வந்தது. பையன் பிறந்தான். ஆனால் எனக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. டாக்டர் புது மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார், சல்மா பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்த தாளை எடுத்தாள். முகத்தில் கட்டியிருந்த துணி மெல்ல மெல்ல அசைந்தது.

பக்கத்தில் நின்ற இளம் நர்ஸ் பரபரத்தாள். "எவ்ளோன்னு மேலயே போட்டு கீதே சிஸ்டர், இன்னும் இன்னா படிச்சிகினு நிக்கிறீங்க?"

சல்மா தலை நிமிரவில்லை. விரல் தாளில் பாதிதான் வந்திருந்தது. எனக்குப் பேசத் தெம்பில்லை, ஆனாலும் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்று பட்டது.

"பேசாம இரும்மா," என்றேன். "இன்னும் ரெண்டு வரி கீது."